விதையில்லாத தோட்டம்

எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. எது நடந்தாலும் தப்பு யார் மேல் என்பதை முதலில் தீர்மானித்துவிடுவார். என்ன நடந்தது என்பதைப் பிறகு சாவகாசமாக விசாரிப்பார். மோட்டார் ஓடவில்லை என்றால் நான் சுவிட்சைத் தப்பாகப் போட்டிருப்பேன். செருப்பைக் காணோம் என்றால் பிள்ளைகள் ஒளித்துவைத்திருப்பார்கள். தேடிய செருப்பு அவர் காலிலேயே இருந்த நாளும் உண்டு. இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சமாளித்துத்தான் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினேன். அந்தப் பழக்கம் ஒருநாள் அவர் கூடப்பிறந்த தங்கை தலையில் போய் விடியும் என்று அப்போது தெரியாது.

எங்களுடையது கமலா ஆரஞ்சுத் தோட்டம். சாதாரணக் கமலா இல்லை, விதையே இல்லாத ரகம். சுளையை வாயில் போட்டால் துப்புவதற்கு ஒன்றும் இருக்காது. துப்பாமல் தின்கிற அந்தச் சுகத்துக்காகவே நகரத்துக் கடைக்காரர்கள் கூடுதல் விலை கொடுத்தார்கள். வருஷா வருஷம் பழம் வாங்க வருகிறவரை நாங்கள் கத்திக்காரர் என்போம். மரத்துக்கு ஒன்றாகப் பறித்து, சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பார்ப்பார். உள்ளே சுத்தமாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த மரத்துக்குப் போவார். பேச்சு வார்த்தை எல்லாம் அவ்வளவுதான்.

தோட்டத்தின் மேற்கு மூலையில் என் நாத்தனார் தேனீ வளர்த்தாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "எனக்குத்தான் ஆயிரக்கணக்குல பொம்பளைப் புள்ளைங்க இருக்கே, அதுங்களைக் கரையேத்தவே நேரம் இல்ல" என்று வாயை அடைத்துவிடுவாள். பழம் தரம் பிரிக்கிற கொட்டகையை ஒட்டிய அறைதான் அவள் வீடு. என் பிள்ளைகள் அவளைத் தேனத்தை என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் தபால்காரர்கூட அப்படியே கேட்டு வர ஆரம்பித்தார். எங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் அவள் எப்போதும் பாப்பா. நாற்பது வயது தாண்டிய பாப்பா.

அவள் வாய் சும்மா இருக்காது. ஒருநாள் நான் சமையலறைப் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பூசணிப் பூ ஒன்றைப் பறித்து வந்து நகத்தால் கீறிக் காட்டினாள். "இங்க பாருங்க அண்ணி, இது பொண்ணு. அடியில சின்னதா பிஞ்சு இருக்கா? ஆம்பளைப் பூவுக்கு வெறும் காம்புதான். அங்க இருக்கிற தூளை என் புள்ளைங்க கொண்டாந்து இதோட தலையில ஒட்டிட்டுப் போகும்."

"ஒட்டினாக் காய் வந்துருமாக்கும்?"

"ஒட்டினா மட்டும் போதுமா? பொண்ணு பாத்துட்டுப் போனதும் கல்யாணம் ஆயிருச்சுன்னு அர்த்தமா? அந்தத் தூள் முளைக்கணும். நூல் மாதிரி ஒரு குழாய் விட்டு, உள்ளயே துளைச்சுக்கிட்டு இறங்கி, அடியில இருக்கிற சூலைத் தேடிப் போகணும். அதுக்குள்ள ரெண்டு பேர் சேந்து போறாங்க. ஒருத்தன் கருவாயிடுவான். இன்னொருத்தன் அந்தக் கருவுக்குச் சாப்பாடாயிடுவான்."

"கூடவே வந்துட்டுச் சாப்பாடாப் போறானா? பாவம்."

"என்ன பாவம்? அவன் இல்லேன்னா முளைக்கிறதுக்குத் தெம்பு ஏது?" என்று சொல்லிவிட்டு அந்தப் பூவைக் காதில் செருகிக்கொண்டு போனாள். பூசணிப் பூவைக் காதில் செருகுகிற பெண்ணை நான் அவளைத் தவிரப் பார்த்ததில்லை.

கிணற்றோரத்து மரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவை தோட்டக் கணக்கில் சேராதவை. என் மாமியார் எங்கோ ஒரு வீட்டில் புளிப்பும் இனிப்புமாக வேறு ரகக் கமலாப் பழம் ஒன்றைத் தின்று, ருசியில் மயங்கி, விதைகளை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். பழைய பெயின்ட் டப்பாவில் முளைக்கப் போட்டு, கிணற்றோரமாக வரிசையாக நட்டார். ஆறு கன்று பிழைத்தது. "கொட்டை போட்டு வந்த மரம் எந்தக் காலத்துல காய்க்கிறது?" என்று மகன் கேலி செய்தபோது, "நான் திங்கவா நட்டேன்? நீங்க ரெண்டு பேரும் திங்கணும்" என்றார். மரங்கள் வளர்ந்தன, முள்ளும் வளர்ந்தது, பூ மட்டும் வரவில்லை. மாமியார் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். என் புடவையை அந்த முள் எத்தனை தடவை கிழித்திருக்கிறது! நான் திட்டினால் எங்கள் வீட்டுக்காரர் கத்தரியை எடுத்துப் போய் முள்ளை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ளிவிட்டு வருவார். கிளையில் கை வைக்க மாட்டார்.

எல்லாம் புரண்டது அந்த வருஷத்தில்தான். நாத்தனார் அந்த வருஷம் தேனீப் பெட்டிகளை இரண்டு மடங்காக்கியிருந்தாள். பூப் பருவத்தில் ஒரு காலையில் மூச்சு வாங்க ஓடி வந்தாள். "அண்ணி! அண்ணா! அம்மா மரம் பூத்திருக்கு!"

மூவரும் போய்ப் பார்த்தோம். ஆறு மரத்திலும் வெள்ளை வெள்ளையாகப் பூ. கிளைக்குக் கிளை தேனீ இரைந்துகொண்டிருந்தது. அவர் ஒரு பூவை முகர்ந்து பார்த்துவிட்டு, கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றார். பாப்பா அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணனும் தங்கையும் அப்படி ஒட்டி நின்றதை நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அறுவடைக்குக் கத்திக்காரர் வந்தார். முதல் பழத்தை வெட்டினார். உள்ளே விதை. அடுத்த மரத்திலும் விதை. பத்துப் பதினைந்து பழம் வெட்டிய பிறகு கத்தியைத் துடைத்து மடக்கினார். "விதையில்லாப் பழம்னு பேர் ஒட்டி இதை விக்க முடியாதுங்க" என்றார் மரியாதையாக. "உங்க பக்கத்துல தேனீ நிறைய இருக்கு போலிருக்கே?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எங்கள் வீட்டுக்காரருக்கு அது போதும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்களே, அந்தக் கதைதான். பெட்டி கூடியது, பழத்தில் விதை வந்தது. வேறு என்ன வேண்டும்? கொட்டகை வாசலில் நின்று கத்த ஆரம்பித்துவிட்டார்.

"உன் பூச்சி பண்ணின வேலை! இத்தனை வருஷத்துல இல்லாத விதை இப்போ எங்கிருந்து வந்துச்சு? பத்துப் பெட்டி பத்தாதுன்னு இருபது வெச்சியே!"

"இத்தனை வருஷமும் பெட்டி இருந்துச்சேண்ணா. அப்போ..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். அவள் பார்வை கிணற்றுப் பக்கம் போனது. போன பார்வை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். பயந்த முகம் அது. வாயை மூடிக்கொண்டாள்.

"அப்போ என்ன? சொல்லு!"

"ஒண்ணும் இல்லண்ணா. நான் எடுத்துட்டுப் போயிடறேன்."

இந்த வாயாடி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லையே, ஏன் என்று நான் யோசித்திருக்கலாம். அவர் சத்தம் ஓய்ந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த நாள் உச்சி வெயிலில் அவரே ஒரு லாரியைக் கொண்டு வந்து நிறுத்திவிட்டார். தேனீப் பெட்டியை இடம் மாற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பொழுது சாய்ந்து, வெளியே போனவை எல்லாம் கூடு திரும்பிய பிறகுதான் வாசலை அடைக்க வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகுதான் வண்டி கிளம்ப வேண்டும். அவள் கெஞ்சினாள்.

"சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கோண்ணா. பாதிப் புள்ளைங்க வெளிய இருக்கு. இந்த வெயில்ல மூடினா உள்ள வெந்துரும்."

"லாரிக்காரர் உன் பூச்சிக்காகக் காத்துக்கிட்டு இருப்பாரா? இப்போவே ஏத்து."

நானும் சொன்னேன். "ஏங்க, சாயங்காலம்தானே கேக்கிறா" என்றேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. என் பேச்சு எடுபடவில்லை. அவள் பெட்டிகளின் வாசலில் ஈரத்துணியை அடைத்தாள். லாரியின் மேல் பெட்டிகளுக்கு நடுவே அவளே உட்கார்ந்துகொண்டாள். கையில் ஒரு குடம் தண்ணீர் இருந்தது. வழியெல்லாம் தெளித்துக்கொண்டே போனாளாம்.

குடத்துத் தண்ணீரா காப்பாற்றும்? பெட்டி வைக்க அவள் இடம் கேட்டிருந்த மலையடிவாரத்தில் இறக்கித் திறந்தபோது, அடை உருகித் தேனோடு தேனாகத் தேனீக்கள் எல்லாம் அடியில் செத்துக் கிடந்தன. இரண்டு பெட்டியில் மட்டும் உயிர் இருந்தது. அவையும் அந்த மாதம் தாங்கவில்லை.

இங்கே நடந்ததை அவள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். மேயப் போன தேனீக்கள் பிற்பகல் முழுக்கத் திரும்பி வந்துகொண்டே இருந்தன. பெட்டி இருந்த இடத்தில் நாலு செங்கல்தான் இருந்தது. அந்தச் செங்கலையே சுற்றிச் சுற்றி வந்தன. பொழுது சாய்ந்ததும் கொட்டகைச் சுவரில் கொத்தாக ஒட்டிக்கொண்டன. அவரும் பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார், அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நாத்தனார் திரும்பி வரவில்லை. நகரத்தில் டயர் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்து, ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கிற சலவை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் போன் செய்தால் பேசுவாள். "அண்ணா சாப்பிட்டாரா?" என்று கேட்பாள். அவரிடம் போனைக் கொடுக்கட்டுமா என்றால், "வேலை இருக்கு அண்ணி" என்று வைத்துவிடுவாள். அவருக்கும் வீம்பு. போன் மணி அடித்தால் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்து அறையில் நிற்பார். நான் திரும்பிப் பார்த்தால் எதையோ தேடுவதுபோல் நடிப்பார்.

அடுத்த பூப் பருவத்தில் தோட்டம் ஊமையாகிவிட்டது. என் பூசணிக் கொடியில் பெண் பூ பூக்கும், பிஞ்சு மஞ்சளாகி விழுந்துவிடும். நானே காலையில் போய் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துப் போட்டுவிட்டு, பெண் பூவின் தலையில் தடவி வந்தேன். வயசான காலத்தில் பூசணிக்குத் தரகு வேலை பார்க்கிறேனே என்று சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அவள் ஞாபகம் வந்தது.

அறுவடைக்குக் கத்திக்காரர் மறுபடியும் வந்தார். வெட்டினார். விதை இருந்தது. போன தடவை அளவு இல்லை, ஆனாலும் இருந்தது.

"அவ பூச்சி கொஞ்சம் இங்கயே தங்கிருச்சு" என்றார் எங்கள் வீட்டுக்காரர். குரலில் முன்னைப்போல் வீறாப்பு இல்லை. மரங்களுக்கே வயசாகிவிட்டதோ என்று சந்தேகம் வந்து, ஒட்டுக்கன்று விற்கிறவரை வரவழைத்தார்.

கன்றுக்காரர் ஒரு சளசளப்புப் பேர்வழி. வந்ததும் தேநீர் கேட்டார், அது கொதிக்கிற வரைக்கும் தோட்டத்தைச் சுற்றிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். நாங்களும் கூடப் போனோம். கிணற்றோரம் வந்ததும் நின்றார். ஒரு முள்ளைத் தொட்டுப் பார்த்தார். தொங்கிய பழம் ஒன்றைப் பறித்துப் பிய்த்தார். உள்ளே கொழுத்த விதைகள்.

"இது எப்போலருந்து பூக்குது?"

"போன வருஷம்தான் முதல் பூ" என்றேன்.

"அப்புறம் என்ன? கேள்வியும் நீங்களே, பதிலும் நீங்களே!" என்று சிரித்தார். "உங்க தோட்டம் பூராவும் ஒரே தாய்மரத்துக் குச்சியை வெட்டி ஒட்டுப் போட்டது. பாக்கத்தான் இத்தனை மரம், கணக்குக்கு ஒரே மரம். அதுங்க தூள் அதுங்க பூவுலயே விழுந்தா, குழாய் கிளம்பி உள்ள இறங்கும்; 'அட, நம்ம ஆளு'ன்னு பூ பாதி வழியிலயே தடுத்துரும். கரு உண்டாகாது. பழம் வரும், விதை வராது. தேனீ எத்தனை வந்தாலும் அதேதான். வேத்து ரகத்துத் தூள் வந்துச்சுன்னு வைங்க, வாசல் திறந்துரும். வந்தது இதுலருந்துதான்."

"தேனீ கொண்டுவந்து போட்டதுதானே?" என்றார் அவர். அந்தக் கேள்வியில் இருந்த கெஞ்சலை நான் மட்டும்தான் கேட்டேன்.

"தேனீ இல்லாட்டா வண்டு, ஈ. கொண்டுவர்றவனையா குத்தம் சொல்றது? பூக்காத வரைக்கும் இந்த மரம் பக்கத்துல இருந்தும் ஒரு விதை விழுந்துச்சா? பூத்த வருஷமே விழுந்துச்சு. அவ்வளவுதான் சங்கதி."

எங்கள் வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. விறுவிறு என்று வீட்டுப் பக்கம் நடந்தார். மனசு சரியில்லை, தனியாக இருக்கட்டும் என்று நினைத்து, நான் கன்றுக்காரருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

அவர் ஊதிக் குடித்துக்கொண்டே சொன்னார்: "ஆறே மரம்தான், இது ஒரு பெரிய விஷயமே இல்லம்மா. மொட்டு விடற நேரத்துல அந்த ஆறுலயும் மொட்டைக் கிள்ளிவிட்டுருங்க. இல்லேன்னா கொசுவலை வாங்கி மூடுங்க. மரம் பாட்டுக்கு மரம் இருக்கும். உங்களுக்கும் விதை..."

கிணற்றுப் பக்கம் மோட்டார் ரம்பத்தின் சத்தம் கேட்டது.

நான் ஓடினேன். "என்னங்க! நிறுத்துங்க! கிள்ளினாப் போதுமாம்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். ரம்பத்தின் இரைச்சலில் அவருக்கு எப்படிக் கேட்கும்? கேட்டு நிறுத்தியபோது ஐந்து மரம் தரையில் கிடந்தது. ஆறாவதில் பாதிக்கு மேல் பல் இறங்கியிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முறிந்து சாய்ந்தது. முள் கிழித்து அவர் கையெல்லாம் ரத்தம். இந்தத் தடவை தப்பு யார் மேல் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் தண்டனையும் கொடுத்தாகிவிட்டது. அதையும் அவருக்குப் பதிலாக மரங்களே வாங்கிக்கொண்டன.

கிள்ளினால் போதும் என்று கன்றுக்காரர் சொன்னதை அவரிடம் விவரமாகச் சொன்னேன். அடிமரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். கை ரத்தத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டே, "பரவால்ல. பாப்பா வந்தா மனசு ஆறும். மரமா பெரிசு, அவதான் பெரிசு" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. விழுந்த கிளைகளிலிருந்து பழங்களைப் பறித்து ஒரு பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் போனோம். டயர் கடைக்குப் பக்கத்தில் இருந்த இரும்புப் படியில் ஏறிக் கதவைத் தட்டினோம். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் பதறி, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள். ஒன்றும் இல்லை என்று சொல்லி உட்காரவைத்தேன். இருந்த ஒரே நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். இஸ்திரிச் சூட்டில் அவள் கைகள் கன்றிப்போயிருந்தன. அவர் அந்தக் கைகளையே பார்த்தார்.

"பாப்பா, நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன். உன் தேனீ மேல ஒரு குத்தமும் இல்ல. எல்லாம் அந்தக் கிணத்தோரத்து மரத்தால வந்தது. நேத்துதான் தெரிஞ்சுது. தெரிஞ்ச நிமிஷமே வெட்டித் தள்ளிட்டேன். இனிமே விதை விழாது. நீ வீட்டுக்கு வா. எத்தனை பெட்டி வேணும்னாலும் வெச்சுக்கோ."

அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று நாங்கள் காத்திருந்தோம்.

"எதை வெட்டின?" என்றாள்.

"கிணத்தோரத்து..."

"அம்மா மரத்தையா?"

அவர் தலையை ஆட்டினார்.

"ஆறையுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன். கீழே கடையில் யாரோ டயரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்ணா" என்றாள் மெதுவாக. "கொட்டகை வாசல்ல நீ கத்தினப்பவே தெரிஞ்சுபோச்சு. அம்மா மரம்தான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா நீ என்ன பண்ணுவேன்னும் தெரியும். உனக்குக் கோவம் வந்தா ஒரு நாள் பொறுக்க மாட்டே." கைகளை மடியில் போட்டுத் தேய்த்துக்கொண்டாள். "பெட்டின்னா வேற வாங்கிக்கலாம்னுதான் நான் போனேன்."

கூடவே இறங்குகிற இரண்டாவது ஆள் சாப்பாடாகிப் போய்விடுவான் என்று அவள் அன்றைக்குச் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. பாவம் என்று சொன்னேனே, அந்தப் பாவம் எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

அவர் அழுதார். சின்னப் பிள்ளைபோல் வாயைத் திறந்துகொண்டு அழுதார். அவள் எழுந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள், ரத்தக் கீறல் இருந்த கையைத் துணி நனைத்துத் துடைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் பையைத் திறந்து அம்மா மரத்துப் பழம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை முகர்ந்துவிட்டு உரித்தாள். மூன்று பேரும் ஆளுக்குக் கொஞ்சமாகத் தின்றோம். புளிப்பும் இனிப்புமாக, மாமியார் மயங்கியதில் ஆச்சரியமே இல்லை. அவள் விதைகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் துப்பிச் சேர்த்தாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். "அதை எங்கிட்ட குடு பாப்பா. அதே இடத்துல நட்டுர்றேன். நானே தண்ணி ஊத்தி வளக்கிறேன்."

அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள். "இது முழுசா அம்மா மரம் ஆகாதுண்ணா. பாதி உன் தோட்டத்துத் தூள்."

"பரவால்ல, பாதியாவது இருக்கட்டும்."

"வேண்டாம்ணா" என்றாள். "வளந்து பூக்கும். பூத்தா மறுபடியும் உனக்கு விதை விழும்."

நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.